நாலந்தாக் கல்லும் நம் வகுப்பு இடாப்பும்

(நூற்றாண்டு நிறைவு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"மாத்தளை மாவட்டத்தின் மரபுரிமைச் சின்னங்கள்" என்ற தலைப்பில் கால்மணி நேரம் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். தலைப்பு பெரிது. சீகிரியாவும் தம்புள்ளைக் குகைகளும் நம் மாவட்டத்துக்குள்தான் இருக்கின்றன. திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட அளுவிகாரை இங்கிருந்து கூப்பிடு தூரம். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரே ஓர் இடத்தைப் பற்றிப் பேசுகிறேன். கால்மணிக்குள் முடியாவிட்டால் மணியை அடியுங்கள். அந்த மணிக்குப் பயந்து பழகியவள்தான் நான்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் ஏ-9 வீதியில் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகளைக் கடந்து ஏறக்குறைய 25 கிலோமீற்றர் வடக்கே போனால் நாலந்தா. பிரதான வீதியை விட்டுக் கிழக்கே திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்தால் மரங்களுக்கிடையில் நீர்த்தேக்கமும், அதன் ஓரமாக ஒரு சிறு கற்கோயிலும் தெரியும். நாலந்தா கெடிகே. நம்மில் பலர் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் அந்தத் திருப்பத்தை நூறு முறை கடந்திருப்போம். இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் வெட்கப்பட வேண்டியிருக்கும். ஆகவே கேட்கவில்லை.

நான் அங்கே முதலில் போனது 1973இல், எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில். அந்த வருடங்களை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், பாணுக்கு விடியற்காலையில் வரிசை நிற்போம், அரிசி கிடைக்காது. சுற்றுலாவுக்கு எங்கள் எல்லாருடைய பொதியிலும் ஒரே சாப்பாடுதான்: அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும். எங்கள் வரலாற்று ஆசிரியை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வெள்ளைச் சேலை, பெரிய குடை, சத்தமில்லாத குரல். பஸ் நின்றதும் ஒன்றே ஒன்று சொன்னார்: "பிள்ளையள், முதலில வடிவாப் பாருங்கோ. பிறகு கதைக்கலாம்."

அப்போது கெடிகே இப்போது நிற்கும் இடத்தில் இல்லை. தாழ்வான நிலத்தில், வயல்வெளியின் நடுவே இருந்தது. வரம்பு வழியாக வரிசையாக நடந்து போனோம். சின்னக் கட்டடம். மதுரை, தஞ்சாவூர் என்று மனத்தில் ஏதாவது வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் கிட்டப் போனதும் கண் பழகிவிடுகிறது. செங்கல் இல்லை, முழுக்க முழுக்கச் செதுக்கிய கருங்கல். வாசலைத் தாண்டினால் ஒரு சிறு மண்டபம், அதை அடுத்து ஓர் ஒடுங்கிய இடைகழி, அதற்கப்பால் கருவறை. நம் ஊர்ச் சிவன் கோயிலில் எந்த வரிசையோ அதே வரிசை. வெளிச் சுவரில் அரைத்தூண்கள். கூரையோரத்தில் கபோதம், அதில் குதிரை லாடம்போல் வளைந்த சிறு சாளரங்கள். சிற்பிகள் இதைக் 'கூடு' என்பார்கள். அதற்குள்ளிருந்து யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் முகங்கள். ஆங்காங்கே தொப்பை தள்ளிய குள்ளப் பூதகணங்கள். விமானத்தின் மேற்பகுதி முழுதாக இல்லை. மிஞ்சியிருப்பதில் தென்புறக் கூட்டில் அமர்ந்திருப்பவர் குபேரன் என்று ஆசிரியை காட்டினார்.

அடித்தளத்தின் ஒரு பக்கம் வந்ததும் அவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இங்க ஒண்டும் இல்லை, அங்கால போங்கோ" என்று விரட்டினார். வெயில்கூட இல்லை. அங்கே என்ன செதுக்கியிருக்கிறது என்பது எனக்கு முப்பது வயதுக்குப் பிறகு ஒரு புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்தது. தாந்திரிக மரபின் பாதிப்பு என்று அறிஞர்கள் எழுதுகிறார்கள். பாருங்கள் என்று சொன்ன அதே டீச்சர்தான் அதைக் குடையால் மறைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டில் சேர்க்க வேண்டியவர் அவர்.

கிழங்கைப் பிரிக்கும்போதுதான் சண்டை தொடங்கியது. "இது நம்ம கோயில். கட்டின விதத்தப் பாத்தாலே தெரியுது" என்றாள் ஒருத்தி. "அப்ப ஏன் சாமி இல்ல? பக்கத்துல தாதுகோபம் இருக்கு. இது அவங்க விகாரை" என்றாள் இன்னொருத்தி. ஆசிரியை சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, ஒரு கதை சொன்னார்.

மானவர்மன் என்று ஒரு சிங்கள இளவரசன். அரசுரிமையை இழந்து காஞ்சிபுரம் போய், பல்லவ மன்னன் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்தான். மாமல்லன் என்று நாம் சொல்லும் அதே நரசிம்மவர்மன். அவனுக்காகப் போர் புரிந்து, அவன் நம்பிக்கையைப் பெற்று, பல்லவப் படையோடு இலங்கைக்குத் திரும்பினான். முதல் முறை தோற்றான். மறுபடியும் காஞ்சி போனான். இரண்டாம் முறைதான் அநுராதபுரத்துச் சிம்மாசனம் கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் நடந்தது இது, சூளவம்சத்தில் இருக்கிறது. அப்படி வருடக்கணக்காகப் போக்குவரத்து இருந்த இரண்டு நாடுகளுக்கிடையில் படை மட்டுமா வந்திருக்கும்? கல்தச்சனும் வந்திருப்பான், அவன் கைவேலையைப் பார்த்து இங்குள்ளவனும் கற்றிருப்பான். கெடிகேயை எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பார்கள். கட்டியவன் பெயரைச் சொல்ல ஒரு கல்வெட்டும் இல்லை. கட்டடத்தின் மொழி பல்லவர் மொழி, வழிபட்டவர்கள் பௌத்தர்கள் என்பதே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. அதிலும் மகாயானத்தின் வாடை உண்டு. 'கெடிகே' என்ற சொல்லே கல்லாலோ செங்கல்லாலோ முழுக்க மூடிக் கட்டிய பௌத்த படிமக் கூடங்களுக்குச் சிங்களத்தில் வழங்குவதுதான். பொலன்னறுவையில் தூபாராமம் அந்த இனத்தைச் சேர்ந்தது.

"அப்ப ஆருடையது டீச்சர்?" என்று அவருடைய பேச்சு வழக்கிலேயே கேட்டாள் என் பக்கத்தில் இருந்தவள். எல்லாரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். பதில் சொல்லவில்லை. "கீறிக்கொண்டு வாங்கோ. ஆளுக்கு ஒரு சிற்பம்" என்றார்.

அப்படிக் கேட்டவளைப் பற்றித்தான் இனி நான் பேச வேண்டும். அவள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே தோழி என்றே சொல்கிறேன்.

அவள் தோட்டத்துப் பிள்ளை. மாத்தளைக்கு மேலே ஒரு றப்பர்த் தோட்டத்து லயத்திலிருந்து தினமும் மூன்று கட்டை நடந்து பள்ளிக்கூடம் வருவாள். நான் டவுனில் கடைக்காரர் மகள். இரண்டு குடும்பமும் கொஞ்சம் முன்னே பின்னே ஒரே பாதையில் வந்தவர்கள்தாம். என் அம்மாயி சொல்வார், அவருக்கு அவருடைய அப்பாயி சொன்னது: மன்னார்க் கரையில் இறங்கி, ஆள்கட்டும் கங்காணி பின்னால், காட்டு வழியே நடை. தம்புள்ளை, நாலந்தா தாண்டினால்தான் மாத்தளை. கோப்பிக் காலத்தில், மாத்தளைக்கு ரயில் வராத 1880க்கு முன்னால், திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் இராமநாதபுரத்திலும் இருந்து கண்டிச்சீமைக்கு வந்தவர்கள் நடந்த வடக்குப் பாதை அது. தண்ணீர் இல்லாமலும் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. உயிரோடு மாத்தளை வந்து சேர்ந்தவர்கள் மாரியாத்தாளுக்குச் செலுத்திய நன்றிதான் நம் முத்துமாரியம்மன் கோயில் என்பது நாமெல்லாம் கேட்டு வளர்ந்த கதை. மாசிமகத்தில் ஐந்து தேர் வீதிக்கு வரும்போது வடம் பிடிக்காத கை நம் பள்ளிக்கூடத்தில் இருந்ததில்லை.

அந்த நடைக்காரர்கள் நாலந்தாவைக் கடந்த இடத்துக்கும் கெடிகேக்கும் ஒரு மைல்கூட இருக்காது. அவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கங்காணி சுற்றிக் காட்டவா கூட்டி வந்தார்? ஆனால் அவர்கள் விட்டு வந்த ஊரிலிருந்து ஆயிரம் வருடத்துக்கு முன்னே புறப்பட்டு வந்த ஒரு கைவேலை, அந்த வயலுக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் எனக்கு இது தோன்றவில்லை. தோழிக்குத் தோன்றியிருக்கிறது. அவள் கீறிய படத்தின் கீழே, "எங்களுக்கு முன்னம் வந்தவர்" என்று எழுதியிருந்தாள். படம் ஒரு தொப்பைப் பூதத்தினுடையது. டீச்சர் பத்துக்கு ஒன்பது போட்டார். எனக்கு ஆறு.

1964 ஒப்பந்தத்தைப் பற்றி இளைய தங்கைமார் பாடப் புத்தகத்தில் இரண்டு வரி படித்திருப்பீர்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. 1974இல் அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். யாரையும் பெயர் சொல்லிக் கேட்டுப் போட்ட கணக்கில்லை. தோழியின் அப்பா இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தார். என் அப்பா இலங்கைக்கு விண்ணப்பித்திருந்தார். அவரவர் காரணம் அவரவருக்கு. அதே 1974 கடைசியில் அவர்களுக்குக் கடிதம் வந்தது.

மாத்தளை ஸ்டேஷனுக்கு நானும் அம்மாயியும் போனோம். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன வண்டிக்கு மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். ஏன் அந்தப் பெயர் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் கைகள். வண்டி நகரத் தொடங்கியதும் தோழி கத்தினாள்: "டீச்சர்ட்ட சொல்லிரு புள்ள, கொப்பிய நான் எடுத்துக்கிட்டுப் போறேன்!" வரலாற்றுக் கொப்பி. தவணை முடிவில் ஒப்படைக்க வேண்டியது.

மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதில் போட்டேன். பிறகு கோத்தகிரியிலிருந்து இரண்டு. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு நீலகிரியில் போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயும் அவர்களைச் சிலோன்காரர்கள் என்றுதான் அழைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். அந்த இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. எங்கள் பிரஜாவுரிமை மனு விசாரணையில் இருந்தது, இந்தியாவுக்குக் கடிதம் எழுதினால் பாதிக்கும் என்று அப்பா பயந்தார். அது உண்மை. ஆனால் மனு கிடைத்த பிறகும் எழுதவில்லையே, அதற்கு அப்பாவைச் சொல்ல முடியாது. பரீட்சை வந்தது, கல்யாணம் வந்தது, 1983 வந்தது. டீச்சர் யாழ்ப்பாணம் போய்விட்டார்.

ஒருமுறை சென்னை போனபோது மாமல்லபுரம் பார்த்தேன். ஐந்து இரதங்களின் முன்னால் நின்றபோது கபோதத்தில் அந்தக் கூடுகள், கூட்டுக்குள் அதே எட்டிப் பார்க்கும் முகங்கள். பக்கத்தில் நின்ற வழிகாட்டியிடம், "எங்கள் ஊரில் இருக்கிறது" என்றேன். "எந்த ஊர் மேடம்?" என்றார். மாத்தளை என்றேன். அவருக்குத் தெரியவில்லை. அன்றிரவு ஹோட்டலில் கோத்தகிரி முகவரி ஞாபகம் வந்தது. ஒரு இரவு பஸ் தூரம். போகவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து எந்த முகத்தோடு போவது என்று நினைத்தேன்.

இதற்கிடையில் கெடிகேக்கும் ஒரு பயணம் நடந்திருந்தது. மகாவலித் திட்டத்தில் பொல்கொல்லையில் ஆற்றை மறித்து, மலைக்குள் சுரங்கம் வெட்டி, நீரை உக்குவளை மின்நிலையத்துக்கு இறக்கினார்கள். அங்கிருந்து சுது கங்கை, அம்பன் கங்கை வழியாக அது போவதென்ன நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. போவதென்னையிலிருந்து இன்னொரு சுரங்கம் வழியாக வடக்கே கலாவாவிப் பக்கம் வயல்களுக்கு. அநுராதபுரத்துக் குளங்களுக்கு மகாவலித் தண்ணீர் போக வேண்டுமானால் போவதென்ன நிரம்ப வேண்டும், போவதென்ன நிரம்பினால் கெடிகே மூழ்கும். எனவே 1970களில் அதைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் மீண்டும் கட்டினார்கள். 1980 அளவில் வேலை முடிந்தது. எகிப்தில் அஸ்வான் அணைக்காக அபு சிம்பல் கோயிலை மேலே தூக்கியது 1960களில். அது உலகம் முழுக்கச் செய்தியானது. நம் சின்னக் கோயிலை நம் நாட்டவர்களே சத்தமில்லாமல் தூக்கி வைத்தார்கள்.

தோழி மறுபடி கிடைத்தது நம் சங்கத்தாலல்ல, கோயம்புத்தூரில் படிக்கும் அவள் பேத்தியால். நூற்றாண்டுக்காகப் பேஸ்புக்கில் போட்ட பழைய வகுப்புப் படத்தை அந்தப் பிள்ளை பார்த்து, "இது எங்க பாட்டி, இரண்டாவது வரிசை" என்று எழுதியிருந்தது. படத்தின் கீழே நாங்கள் அச்சிட்ட பெயர்ப் பட்டியலில் இரண்டாவது வரிசையில் அவள் இடத்தில் "அடையாளம் தெரியவில்லை" என்றிருந்தது. பட்டியலைத் தயாரித்த குழுவில் நானும் ஒருத்தி. பக்கத்தில் நின்றவளை நான் அடையாளம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் யாராவது, "அவ இப்ப எங்க?" என்று கேட்பார்கள் என்று பயந்தேன். இதை இந்த மேடையில் சொல்வதற்காகத்தான் செயலாளரின் அழைப்பை ஏற்றேன்.

போன வாரம் தோழி வந்தாள். கட்டுநாயக்காவில் பார்த்ததும் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. பேத்திதான், "பாட்டி, சூட்கேஸ்" என்றது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்த பிறகு நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "அத விடு புள்ள. கெடிகே இன்னும் இருக்கா?" என்றாள்.

மறுநாள் காலையில் போனோம். வயல் வரம்பு இல்லை. இரு பக்கமும் தண்ணீர் தெரியும் நடைபாதை இருக்கிறது. காலை வெயிலில் கல் கொஞ்சம் பொன்னிறமாகத் தெரிந்தது. செருப்பைக் கழற்றினோம். யாரும் சொல்லவில்லை, கால் தானாகக் கழற்றியது. உள்ளே பூசை இல்லை, மணி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, வௌவால் வாசம் இருந்தது. தோழி கருவறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். கும்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை.

பிறகு பையிலிருந்து அந்தக் கொப்பியை எடுத்தாள்.

அட்டை போயிருந்தது. தாள் பழுப்பேறி, கறையான் ஓரத்தைத் தின்றிருந்தது. ஆனால் பென்சில் கோடு அப்படியே இருந்தது. பூதம் தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி. கொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்தோம். ஒவ்வொரு குள்ளனாகப் பார்த்தோம். "இவன்தான்" என்றாள் அவள். எனக்கு அவன் இல்லை என்று பட்டது. அடுத்தவன் என்றேன். பேத்தி இருவரையும் போனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, "ரெண்டு பேருமே இல்ல பாட்டி" என்றது. இந்தமுறை குடை பிடித்து மறைக்கவும் யாரும் இல்லை. அந்த மூலையையும் நின்று பார்த்தோம். பேத்திக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. நாங்கள் இருவர்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் சிரித்தோம்.

எங்கள் அமளியைக் கண்டு, அந்தப் பக்கமாக நின்ற ஒரு பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். சிங்களவர், அந்த ஊர்க்காரர். கொப்பியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நோனா, இது பழைய இடத்தில் வரைந்தது" என்றார் சிங்களத்தில். படத்தின் பின்னணியில் தோழி இரண்டு தென்னை மரம் கீறியிருந்தாள். அதை விரலால் தொட்டுக் காட்டினார். வாலிபத்தில் அந்தக் கற்களைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவராம். ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கம் போட்டு, வரிசை மாறாமல் அடுக்கி, அதே வரிசையில் மீண்டும் வைத்தோம் என்றார். அப்புறம் தண்ணீரைக் காட்டினார். "எங்கள் வயலும் அதற்குள்தான்." வேறிடத்தில் காணி கொடுத்தார்களாம். அந்த வயல்போல் இல்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தோழிக்குச் சிங்களம் பெரும்பாலும் மறந்திருந்தது. நான் மொழிபெயர்த்தேன். கேட்டுவிட்டு, "கல்லுக்கு நம்பர் போட்டாங்களா? நமக்கும்தான போட்டாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுடைய குடும்ப அட்டை இலக்கம் அவளுக்கு இன்னும் மனப்பாடம். மண்டபத்தில் வரிசையில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகியது. சொல்லிக் காட்டினாள். பெரியவர் என்ன என்று கேட்டார். என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. அவள் அவருக்குக் கோத்தகிரித் தேயிலைப் பொட்டலம் ஒன்று கொடுத்தாள். இலங்கைக்குத் தேயிலை கொண்டுவந்த ஒரே ஆள் இவளாகத்தான் இருப்பாள். அவர் முகர்ந்து பார்த்து, நல்லது என்று தலையாட்டினார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் கேட்டாள்: "நம்ம வகுப்புல எத்தன பேரு போனோம்?" எனக்குத் தெரியவில்லை. அதனால் திங்கட்கிழமை அதிபரிடம் அனுமதி கேட்டு, பழைய சேர்வு இடாப்புகளைப் பார்த்தேன். கடைசிப் பத்தியில், விலகிய காரணம் எழுதும் இடத்தில், ஒரே கையெழுத்தில் "இந்தியா சென்றார்", "இந்தியா சென்றார்" என்று வருகிறது. எங்கள் வகுப்பில் மட்டும் பதினொரு பேர். மற்ற வகுப்புகளை எண்ணத் தொடங்கி, ஒரு பின்னேரத்தில் முடிக்க முடியாமல் மூடி வைத்துவிட்டு வந்தேன். இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து இங்கிலாந்து போனவர்களுக்கும் கனடா போனவர்களுக்கும் அவுஸ்திரேலியா போனவர்களுக்கும் நம் சங்கத்தின் கிளைகள் இருக்கின்றன, மகிழ்ச்சி. அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் இந்த மண்டபத்துக்குப் புதுக் கூரை. ஆனால் "இந்தியா சென்றார்" என்ற பத்தியில் இருப்பவர்களுக்கு நாம் ஓர் அழைப்பிதழும் அனுப்பவில்லை. எங்கே அனுப்புவது என்று கேட்பீர்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல், திருச்சி, இன்னும் எங்கெல்லாமோ. அவர்களைத் தேடும் வேலையை யாராவது பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தால் நம்மைவிடச் சீக்கிரம் முடிப்பார்கள்.

செயற்குழுவிடம் எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுத்திருக்கிறேன். அந்த இடாப்புகளிலிருந்து பெயர்களை எடுத்து, இந்த மலரின் உறுப்பினர் பட்டியலோடு சேர்த்து அச்சிட வேண்டும். மலர் ஏற்கெனவே அச்சகத்துக்குப் போய்விட்டது என்று சொல்லப்பட்டது. அப்படியானால் தனித்தாளாக அச்சிட்டு இடையில் செருகலாம். செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். தாள் கறையானுக்குப் போகாத தாளாக இருக்கட்டும். வகுப்புப் படத்தில் இரண்டாவது வரிசையில் "அடையாளம் தெரியவில்லை" என்பதை மட்டும் அச்சகத்தில் திருத்திவிட்டார்கள். நேற்று நானே போய் நின்று திருத்தினேன்.

தலைவி மணியைப் பார்க்கிறார். முடிக்கிறேன்.

என் தோழி மூன்றாவது வரிசையில், நீலச் சேலையில் இருக்கிறாள். எழுந்து நிற்கச் சொன்னால் நிற்க மாட்டாள், முயற்சி செய்ய வேண்டாம். கொப்பியைக் கொண்டுவந்திருக்கிறாள். டீச்சருக்குத் திருப்பித் தர வேண்டியது, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது வருடம் தாமதம். டீச்சர் இப்போது இல்லை. ஆகவே தேநீர் இடைவேளையில் அதை அதிபரிடம் ஒப்படைப்பாள். பூதத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அதற்கு முன்னால் அவளிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தைப் புரட்டும்போது ஓரத்தைப் பிடிக்காதீர்கள், உதிர்கிறது.